மாமாவுக்குக் குளிர் ஏலாது

வாகனத்தில் எது பழுதானாலும் முதலில் ஒரு குத்து விட்டுப் பார்ப்பது என் வழக்கம். வானொலி பாடாவிட்டால் குத்து, கண்ணாடி இறங்காவிட்டால் குத்து. சில நாள் வேலை செய்யும், சில நாள் கை வலிக்கும். எங்கள் பழைய வானின் ஹீற்றர் விசிறி தை மாதத்தில் சத்தம் போடத் தொடங்கியபோதும், முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் சாமான் பெட்டியின் மேல் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். அந்தக் குத்துகளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை கூசுகிறது.

சத்தம் முதலில் சிறிதாகத்தான் இருந்தது. விசிறியை ஒன்றில் வைத்தால் டிக் டிக் என்று எதிலோ தட்டும். இரண்டில் வைத்தால் உராயும். மூன்றில் வைத்தால் எல்லாம் அடங்கி நல்ல காற்று வரும். ஆகவே மூன்றிலேயே ஓடினேன். பழுதை மறைக்கிற வேகம் ஒன்று இருந்தால் அந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிற ஆள் நான். ஜெர்மனியில், நாங்கள் இருக்கும் டோர்ட்மண்டில், அந்த மாதத்தில் ஹீற்றர் காற்று இல்லாமல் வாகனம் ஓட்டவே முடியாது. முன் கண்ணாடி வெளியே உறைந்து உள்ளே ஆவி படிந்து, எதிரே வருவது பஸ்ஸா மதிலா என்று தெரியாமல் போய்விடும்.

அந்த ஹீற்றரைப் பற்றிச் சொல்வதென்றால் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மாமா என்றால் என் மனைவியின் அப்பா. யாழ்ப்பாணத்தில் மாமி காலமான பிறகு எங்களோடு வந்து இருந்தவர். வந்த நாள் முதல் அவருக்கும் இந்த நாட்டுக் குளிருக்கும் ஒத்துவரவில்லை. ஆனி மாதத்திலும் கம்பளி மேற்சட்டையும் கழுத்தில் மவ்லருமாக இருப்பார். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது முன் இருக்கையில் ஏறியதும் முதல் வேலையாக உள்காற்றுப் பொத்தானை அமத்துவார். வெளிக்காற்றை அடைத்து வாகனத்துக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கும் பொத்தான் அது. பிறகு தனக்கு முன்னால் இருக்கும் காற்று வாயில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு சொல்வார்:

“தம்பி, கொஞ்சம் கூட்டி விடுங்கோ.”

நான் கூட்டி விடுவேன். எனக்கு வியர்த்துக் கொட்டும், கண்ணாடியில் ஆவி படியும், மாமா மட்டும் கண்ணை மூடிச் சுகமாக இருப்பார். ஒரு நாள் பொறுக்காமல், “மாமா, நீங்கள் சூட்டுக்கை இருக்கிறியள், நான் அவியிறன்” என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, “அவியாத அரிசி சோறாகாது தம்பி” என்றார். மனுசனுக்கு வாய்க்குக் குறைவில்லை.

கடைசி வருடங்களில் அவரைக் குளிப்பாட்டியது, தூக்கி இருத்தியது, ஊட்டிவிட்டது எல்லாம் என் மனைவிதான். விசிறி சத்தம் போட்டதற்கு முதல் வருடம் மாசியில் அவர் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அவள்தான். அதற்குப் பிறகு நடந்த எதிலும் அவளுக்கு இடமில்லை. கனடாவில் இருந்து அவளுடைய தம்பி வந்து இறங்கினான். கொள்ளி வைத்தான். பத்திரங்களைச் சரிக்கட்டிச் சாம்பலை ஊருக்குக் கொண்டுபோய் கீரிமலைக் கடலில் கரைக்கப் போவதும் அவன்தான் என்று ஆயிற்று. இவள் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து தடியூன்றி நடந்துகொண்டிருந்தாள். விமானம் ஏற வைத்தியர் விடவில்லை.

“எனக்கு ஒரு கைப்பிடி தா. நான் பிறகு கொண்டுபோய் என்ரை கையாலை கரைக்கிறன்” என்று தம்பியிடம் கேட்டாள்.

“அக்கா, பொம்பிளையள் இதுகளைச் செய்யிறேல்லை.”

“அவருக்கு மலசலம் அள்ளினதும் பொம்பிளைதான்.”

அதன் பிறகு தம்பி மாமாவின் பழைய வேட்டியில் பச்சைக் கரையோடு ஒரு துண்டு கிழித்து, அதில் ஒரு கைப்பிடி சாம்பலை வைத்துச் சிவப்பு நூலால் கட்டிக் கொடுத்தான். அடுத்த மாசியில், ஆண்டுத் திவசத்துக்கு, ஊருக்குப் போய்த் தன் கையால் அதைக் கரைப்பதென்பது அவளுக்கு அந்த வருடம் முழுவதும் ஒரே நினைப்பாக இருந்தது. பயணச் சீட்டும் எடுத்தாயிற்று. வேறு எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் கீரிமலையில்தான் வந்து நிற்பாள்.

அந்தப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்பதில்தான் நான் மூக்கை நுழைத்தேன். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. ஊரில் என்றால் வளவு மூலையில் ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். டோர்ட்மண்டில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவனுக்கு வளவு ஏது? கீழே நிற்கும் மரம் நகரசபையின் மரம். அதோடு இந்த நாட்டுச் சட்டமும் சாம்பலை மயானத்துக்கு வெளியே வைத்திருக்க விடாது. ஆகவே கட்டடத்தின் அடியில் எங்களுக்கென்று இருக்கும் கெலரில், பழைய சாமான் போடும் நிலவறையில், ஒரு பித்தளைச் செம்புக்குள் வைத்து மூடி உயரத் தட்டில் வைத்தேன். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று மனைவிக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். நான் ஒன்றும் பெரிய ஆசாரக்காரன் இல்லை. ஆனால் இந்த மாதிரி விசயங்களில் எனக்குத் திடீரென்று ஆசாரம் வந்துவிடும்.

இனி விசிறிக்கு வருகிறேன்.

தை பிறந்து சில நாளிலேயே டாஷ்போர்ட்டின் மேல், முன் இருக்கைப் பக்கக் காற்று வாயைச் சுற்றி, வெளிறிய சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருப்பதைக் கண்டேன். அது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கோயிலில் தந்த திருநீற்றுப் பொட்டலம் ஒன்று எப்போதும் அந்தக் காற்று வாய்க்குக் கீழே உள்ள இடுக்கில் கிடக்கும். தாள் கிழிந்து திருநீறு சிந்தி, காற்றில் பறக்கிறது என்று முடிவு கட்டினேன். திருநீற்றைப் பழந்துணியால் துடைத்துக் குப்பையில் போடலாமா? விரலால் வழித்தெடுத்து, சிவசிவா என்று நெற்றியில் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். மறுநாளும் படிந்திருந்தது. மறுநாளும் பூசினேன். நாளாந்தம் திருநீறு பூசுகிற பழக்கம் விட்டுப்போன எனக்கு, அந்த மாதம் முழுவதும் நெற்றி வெறுமையாக இருக்கவில்லை. வேலையிடத்தில் ஒருவர், “என்ன அண்ணை, சாமியாராப் போறியளோ?” என்று பகிடி பண்ணினார்.

“பொட்டலத்தை ஒழுங்கா மடிச்சு வையுமப்பா, வான் முழுக்கத் திருநீறு” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

“நான் அதைத் தொடவே இல்லை” என்றாள் அவள்.

தை முடியும்போது மூன்றாம் வேகமும் கைவிட்டது. விசிறி முனகியது, எரிந்த மணம் வந்தது, நின்றுவிட்டது. குத்தினேன். கொஞ்சம் சுற்றியது. மறுபடி குத்தினேன். அதோடு சரி. வாகனம் திருத்துகிற இடத்துக்குத் தொலைபேசி எடுத்தால் மாசி கடைசியில்தான் டெர்மின், அதாவது அவர்கள் பார்ப்பதற்கு நேரம், இருக்கிறது என்றார்கள். மாசி கடைசியில் எனக்கு என்ன பயன்? அடுத்த கிழமை விடியற்காலை மனைவியை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். ஆவி படிந்த கண்ணாடியோடு பெருந்தெருவில் ஏறினால் இரண்டு பேரும் நேரே மாமாவிடம்தான் போய்ச் சேர்வோம். ஆகவே சனிக்கிழமை காலை, நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தரிப்பிடத்தில் வானை நிறுத்தி, முதலில் பியூஸைக் கழற்றிப் பார்த்தேன். நல்லாகவே இருந்தது. முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து, மோட்டருக்கு வரும் வயரை இழுத்தெடுத்து, கரண்ட் சோதிக்கிற ரெஸ்ரரை வைத்தேன். விளக்கு எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டர் சுற்றவில்லை. அப்படியென்றால் மோட்டருக்குள் ஏதோ சிக்கியிருக்க வேண்டும். இலையாக இருக்கும் என்று நினைத்தேன். ஏனென்றால் விசிறிக்கு முன்னால் இருக்க வேண்டிய காற்று வடிகட்டி அங்கே இல்லை. மணக்கிறதென்று இலையுதிர் காலத்தில் நான்தான் கழற்றி எறிந்தேன். புதிது வாங்க மறந்துவிட்டேன்.

மோட்டரைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றினேன். அது இறங்கவில்லை. படுத்தபடியே இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருகி ஒரு இழுவை இழுத்தேன்.

மோட்டர் நெஞ்சில் விழுந்தது. அதன் பின்னால் பொடி முகத்தில் கொட்டியது. கண்ணில், மூக்கில், திறந்திருந்த வாயில். மணல் மாதிரி பல்லில் நறநறத்தது. எழுந்து உட்கார்ந்து த்தூ த்தூ என்று தரிப்பிடத்தில் காறித் துப்பினேன். தூசிக்கும் மோட்டருக்கும் வானை விற்றவனுக்கும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன்.

பிறகு செய்ததுதான் உச்சம். இங்கே எல்லோரும் ஸ்டவுப்சவுகர் என்று சொல்லும் தூசி உறிஞ்சும் மெசினை வீட்டிலிருந்து இறக்கி, கெலரில் இருந்து வயர் இழுத்து, விசிறிக் கூட்டுக்குள் குழாயை விட்டு உறிஞ்சினேன். பொடி குழாயில் சரசரவென்று ஏறியது. மூலை முடுக்கெல்லாம் விட்டு, கால் விரிப்பில் கொட்டியதையும், என் சட்டையில் படிந்ததையும் உறிஞ்சினேன். ஒரு வேலையை இறங்கிச் செய்தால் அதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

மெசினை நிறுத்திவிட்டு மோட்டரைக் கையில் எடுத்துத் திருப்பினேன். கூடை மாதிரி இருக்கும் விசிறிச் சக்கரத்தின் இதழ்களுக்குள் ஒரு துணி சுருண்டு இறுகியிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்தேன். கிழிந்து நைந்த வெள்ளைத் துணி. ஒரு ஓரத்தில் பச்சைக் கரை. அதில் சிவப்பு நூல் ஒன்று இன்னமும் முடிச்சோடு தொங்கியது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது என்ன என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, மனம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இது வேறு துணி என்றது. மாமாவுக்கு ஒரு வேட்டியா இருந்தது, பச்சைக் கரையில் எத்தனை பழந்துணி வீட்டில் கிடக்கிறது என்றது. பொட்டலம் கெலரில் இருக்கிறது, நானே வைத்தேன் என்றது. நான் எழுந்து கெலருக்கு ஓடினேன். உண்மையிலேயே ஓடினேன், படிகளில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

செம்பு உயரத் தட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியும் மூடியபடி இருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு கையை நீட்டி எடுத்தேன். எடுத்தவுடனேயே பாரத்தில் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

அங்கேயே ஒரு பழைய சூட்கேசின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பல்லில் இன்னும் நறநறத்துக்கொண்டிருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் டாஷ்போர்ட் பொடி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் விரலால் வழித்து, சிவசிவா என்று சொல்லி, கண்ணாடியில் பார்த்து ஒழுங்காகப் பூசிக்கொண்டு போனது. திருநீறு பூசுவதே நாமும் ஒரு நாள் சாம்பல் என்று நினைப்பதற்காகத்தான் என்று கோயிலில் சொல்வார்கள். நினைப்பது வேறு. நான் ஒரு மாதமாக என் மாமனாரை நெற்றியில் பூசிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். இப்போது அவரைத் துப்பியும் விட்டேன். அதுவும் கெட்ட வார்த்தையோடு.

மேலே வந்தபோது மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு வானடியில் நின்றாள்.  நான் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. இருக்கையின் மேல் கிடந்த துணியை அவள் கண்டுவிட்டாள். கோப்பையை வானின் கூரையில் மெதுவாக வைத்தாள்.

“எங்கை கிடந்தது?”

“விசிறிக்கை.”

“மிச்சம்?”

 தூசி மெசினைக் கையால் காட்டினேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மெசினைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் மீசையிலும் புருவத்திலும் பொடி இருந்திருக்க வேண்டும். “ஐயோ அப்பா” என்று மிகச் சின்னக் குரலில் சொல்லி, முழங்கால் நோவையும் மறந்து, அந்த ஈரத் தரையில் அப்படியே இருந்துவிட்டாள்.  கலங்கினால் எனக்குக் கோபம்தான் வரும்.

“கெலருக்கை வைச்ச சாமான் வானுக்கை எப்பிடி வந்தது? யாரைக் கேட்டு எடுத்தனீர்?”

 அவள் கையூன்றி எழும்பினாள். “வெள்ளை விரிப்பு ஒண்டு கொண்டு வாங்கோ. தோய்ச்சது” என்றாள்.

கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள்கள் நிறுத்தும் கூரைக்கு அடியில் விரிப்பை விரித்தோம். மெசினுக்குள் இருந்த தாள் பையை எடுத்து, கத்தரிக்கோலால் அடிப்பக்கத்தை வெட்டி, அடியில் இருந்ததே முதலில் விழ மெல்லச் சரித்தோம். எங்கள் வீட்டின் பல மாதத்து ஊத்தை விரிப்பில் விழுந்தது. அவளுடைய நீண்ட தலைமயிர், என்னுடைய நரை, கம்பளி நூல், கடுகு, உடைந்த பொத்தான், எங்கேயோ தொலைந்த அவளுடைய தோட்டின் சுரை. இவை எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிறத்தில் மாமா. நல்லகாலமாக அவர் கடைசியாகப் போனவர், பெரும்பகுதி மேலேயே இருந்தது. இப்படி ஒரு நல்லகாலத்தை நினைத்துக்கொண்டதற்காக எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

அவள் குனிந்து விரல் நுனியால் வெள்ளைத் துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அரிசியில் கல் பொறுக்குகிற அதே கை. ஒவ்வொன்றையும் எடுத்துக் கழுவித் துடைத்த செம்புக்குள் போட்டாள். நான் எதிரே குந்தியிருந்து தலைமயிரைப் பிரித்தெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்மாடியில் இருக்கும் ஜெர்மன்காரக் கிழவர் நாயோடு வந்தார். கட்டடத்தில் யார் குப்பையை மாறிப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுசன். விரிப்பில் ஊத்தையைக் கொட்டி வைத்து இரண்டு பேர் குந்தியிருப்பதைக் கண்டால் விடுவாரா? நாயைப் பிடித்து நிறுத்திவிட்டு, “மோதிரம் ஏதும் தொலைந்துவிட்டதா?” என்று கேட்டார்.

ஓம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி தலை நிமிராமல் ஜெர்மனில் சொன்னாள்: “இல்லை. என் அப்பாவைத் தேடுகிறேன்.”

 சட்டம், பொலிஸ், தண்டம், விசா எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடின. எனக்கு விசாப் பிரச்சினை தீர்ந்து எவ்வளவோ காலம். பயந்தால் மட்டும் அது திரும்பி வந்துவிடும். கிழவர் விரிப்பைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். அந்த முகத்தில் நான் கண்டது கோபமில்லை, திகைப்பு. மாமாவை அவருக்குத் தெரியும். ஆனி மாதத்தில் மவ்லர் கட்டிக்கொண்டு வாசலில் வெய்யிலுக்கு நிற்கும் மனுசனுக்கு அவர் தினமும் வணக்கம் சொல்லியிருக்கிறார். நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“ஏனப்பா உண்மையைச் சொன்னனீர்? இப்ப பொலிசுக்குப் போன் அடிக்கப் போறான்!”

“அடிக்கட்டும். நான் அப்பாவை மோதிரம் எண்டு சொல்லேலாது.”

கிழவர் திரும்பி வந்தார். கையில் மா அரிக்கும் சிறிய அரிதட்டும், நிறந்தீட்டுகிற மெல்லிய தூரிகையும் இருந்தன. விரிப்பின் ஓரத்தில் அவற்றை வைத்துவிட்டு, “திருப்பித் தர வேண்டாம்” என்றார். காற்று வருகிற பக்கமாகத் தன்னுடைய சைக்கிளை நகர்த்தி, அதன் மேல் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டார். பிறகு போய்விட்டார்.

அரிதட்டு இருந்ததால் வேலை நடந்தது. அரித்து, தூரிகையால் கூட்டி, பொறுக்கினோம்.  என் கோபம் வடிந்து, கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. இந்த முறை தணிவாகவே கேட்டேன்.

“ஏனப்பா அதை எடுத்து வானுக்கை வைச்சனீர்?”

அவள் கையை நிறுத்தவில்லை.

“மார்கழியிலை உருளைக்கிழங்கு எடுக்கக் கெலருக்குப் போனனான். சுவரிலை தண்ணி உறைஞ்சு கிடக்கு. செம்பைத் தொட்டுப் பாத்தன், ஐஸ். கையை வைச்சுக் கொண்டிருக்க ஏலேல்லை.” ஒரு துணுக்கைப் பொறுக்கிச் செம்புக்குள் போட்டாள். “வீட்டுக்கை கொண்டுவரக் கூடாது எண்டு நீங்கள் சொல்லிப் போட்டியள். அப்பாவுக்குக் குளிர் ஏலாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நான் எங்கை வைக்க?”

“அதுக்காக?”

“முன் சீட்டுச் சாமான் பெட்டிக்குப் பின்னாலை ஒரு தட்டு இருக்கு. ஹீற்றர் போட்டா அதிலை இளஞ்சூடு நிக்கும். அப்பா கை வைச்சுக் கொண்டு வாற இடம். நாங்கள் எங்கை போனாலும் கூட வருவார் எண்டு வைச்சனான். உள்காற்றுப் பொத்தானையும் அமத்தி விட்டனான், கெதியிலை சூடாகும் எண்டு.”

அந்தத் தட்டுக்குப் பக்கத்தில்தான் உள்காற்றை இழுக்கும் வாய் இருக்கிறது. பொத்தானை அமத்தினால் அது திறந்து எல்லாவற்றையும் இழுக்கும். ஏதோ ஒரு பிரேக்கில் பொட்டலம் சறுக்கியிருக்கிறது. தடுத்து நிறுத்தியிருக்க வேண்டிய வடிகட்டி அங்கே இல்லை. இதை அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. நான் மேலே குத்திக்கொண்டிருந்தபோது கீழே அவர் இருந்திருக்கிறார். செத்துப்போன மனுசனுக்குக் குளிருமா என்று அவளைக் கேட்க என்னால் முடியவில்லை. குளிராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரைச் சூடில்லாத நிலவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு நாளாவது அதை நினைத்தேனா என்றால் இல்லை. அவளுக்கு அது நித்திரையில்லாத விசயமாக இருந்திருக்கிறது, ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் பிரிக்க முடியாத ஒரு சாம்பல் உருண்டை மிஞ்சியது. மயிரும் நூலும் பொடியும் ஒன்றாகச் சேர்ந்தது. என்ன செய்வதென்று அவளைப் பார்த்தேன். அவள் அதையும் எடுத்துச் செம்புக்குள் வைத்தாள்.

“அதுக்கை எங்கடை ஊத்தையும் கிடக்கப்பா.”

“கிடக்கட்டும். இருந்த வீடுதானே.”

பழைய வாகனங்களை உடைக்கிற இடம் ஒன்றில் அதே மாதிரி மோட்டர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன், புது வடிகட்டியும் போட்டேன். காற்றுக் குழாய்களுக்குள் போனதை எடுக்க வேண்டுமென்றால் டாஷ்போர்ட் முழுவதையும் கழற்ற வேண்டும். அதை நான் தொடவில்லை. முதல் முறை விசிறியைப் போட்டபோது அவள் முன் இருக்கையில் இருந்தாள். காற்று வாயிலிருந்து ஒரு மெல்லிய பொடி எழும்பி வெளிச்சத்தில் பறந்தது. நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. டாஷ்போர்ட்டில் படிந்ததை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக நான் தெரியாமல் செய்ததை அவள் தெரிந்தே செய்தாள்.

பயண நாள் நல்ல உறைபனி. தரிப்பிடத்தில் எல்லா வாகனமும் வெள்ளையாக நின்றது. கண்ணாடியைச் சுரண்டி, விசிறியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். செம்பு ஒரு சால்வையில் சுற்றி அவள் மடியில் இருந்தது. பெருந்தெருவில் ஏறினோம். ஊரில் வெய்யில் எறிக்கும், கடல் தண்ணீர் சுடும் என்று ஏதாவது சொல்லி அவளைத் தேற்றலாமென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் சால்வையைக் கொஞ்சம் விலக்கி, செம்பைக் காற்று வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். மற்றக் கையின் உள்ளங்கையை விரித்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள்.

“கொஞ்சம் கூட்டி விடுங்கோ” என்றாள். “பிளேனுக்கை குளிரும்.”

நான் கடைசிவரை திருப்பி விட்டேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது. விமான நிலையம் வரும்வரை யன்னலைத் திறக்கவில்லை.